தாய்மாமன் சீராக வந்த அலமாரி

மூச்சு முட்டுவது எப்படி இருக்கும் என்று என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். காற்று உள்ளே போகாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. உள்ளே போன காற்று வெளியே வராது. பழைய காற்றே நெஞ்சில் நிறைந்து கிடக்கும்போது புதுசை எங்கே வைப்பது? விலா எலும்பு விரிந்து விரிந்து வலிக்கும், தோள் காதுவரை ஏறும், வாய் திறந்தே இருக்கும். கரையில் போட்ட மீன் வாயைத் திறந்து மூடுவதை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவள் நான். அதை அதன் பக்கமிருந்து பார்க்கிற நாள் வரும் என்று நினைக்கவில்லை.

என் பெயர் செல்வராணி. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறேன். படகு வந்து கூடைகள் இறங்கியதும் வியாபாரிகள் சுற்றி நிற்பார்கள். நான் விலை கூவுவேன். இன்ஜின் சத்தம், ஐஸ் உடைக்கிற சத்தம், காக்கைச் சத்தம் எல்லாவற்றுக்கும் மேலே என் குரல் கேட்க வேண்டும். காலேஜ் வரை படித்திருந்தும் அம்மா செய்த இந்த வேலைக்கே விரும்பி வந்தேன். என் வீட்டுக்காரர் பழனிவேல் விசைப்படகு ஓட்டுகிறார். மகள் யாழினி காலேஜில் முதல் வருடம்.

எங்கள் ஓட்டு வீட்டை இடித்துவிட்டுச் சின்னதாக ஒரு மாடி வீடு கட்டினோம். புதுமனைப் புகுவிழாவுக்கு என் தம்பி மகேந்திரன், எங்களுக்கு மகி, சீர் கொண்டு வந்தான். சிதம்பரத்தில் மாடுலர் கிச்சன், அலமாரி, கட்டில் எல்லாம் செய்து விற்கிற கடை வைத்திருக்கிறான். சீர் வரிசைத் தட்டுகளுக்குப் பின்னால் லாரி வந்து நின்றது. சுவர் உயரத்துக்கு இரண்டு அலமாரி, கட்டில், கண்ணாடி மேசை, டிவி வைக்கிற தட்டு, அடுப்படிக்கு மேலும் கீழும் பெட்டி பெட்டியாக அடுக்குகள். எல்லாம் வெள்ளையும் ஊதாவுமாகப் பளபளத்தன. தெருவே வந்து தொட்டுப் பார்த்தது. தாய்மாமன் என்றால் இப்படி இருக்கணும் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கும் பெருமைதான். நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவன்.

ஆட்கள் கதவுகளை மாட்டிவிட்டுப் போனதும் என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

“என்னா மச்சான், உள்ள நிக்க முடியல. கண்ணு எரியுது?”

“புதுச் சாமான்ல மச்சான், அப்பிடித்தான் இருக்கும். கொஞ்ச நாள்ல போயிடும்” என்று மகி சிரித்தான்.

அந்த வாடையை எப்படிச் சொல்வது? நாற்றம் என்று சொல்ல முடியாது. நாற்றம் என்றால் எனக்குத் தெரியும். குடல் அழுகுவதும், கருவாட்டுக் களமும், மழைக்காலத்துச் சாக்கடையும் எனக்குப் பழக்கம். அவை மூக்கோடு நின்றுவிடும். இது மூக்கில் நிற்காமல் நேரே கண்ணுக்குப் போய்க் குத்தும். பிறகு தொண்டையில் இறங்கி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். சாப்பிடுகிற சோற்றிலும் அதுதான், தலைக்கு வைத்த பூவிலும் அதுதான்.

முதலில் தொண்டை கரகரத்தது. பிறகு தலைவலி. பிறகு வறட்டு இருமல். யாழினிக்கும் கண் சிவந்தது, ஆனால் அவள் பகலெல்லாம் காலேஜில் இருந்தாள். வீட்டுக்காரர் கடலில் இருந்தார். எனக்குத்தான் ஏலம் முடிந்து வந்து சமைத்துப் படுத்தால் நெஞ்சில் விசில் அடித்தது. உண்மையாகவே விசில்தான், பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் கேட்கும். ஒருநாள் வஞ்சிரக் கூடைக்கு விலை கூவிக்கொண்டிருக்கும்போது பாதியில் குரல் நின்றுவிட்டது. வியாபாரிகள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். நான் கூடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்து கிளினிக்கில் ஒரு டாக்டர், நல்ல மனிதர், நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார்.

“என்ன வேலைம்மா செய்றீங்க?”

“மீன் ஏலம் சார்.”

அவ்வளவுதான். அவருக்கு விடை கிடைத்துவிட்டது. மீன் செதிள், ஐஸ் ஈரம், டீசல் புகை எல்லாம் சேர்ந்து ஆஸ்துமாவைக் கிளப்பிவிட்டது என்றார். மீன் வேலை செய்கிறவர்களுக்கு அப்படி வருவது உண்டாம். சின்ன வயதில் எனக்கு லேசாக இழுப்பு இருந்ததையும் சொன்னேன். “அப்ப சரியா போச்சு. வேலைக்குப் போகாம வீட்டுலயே இருங்க. கதவு ஜன்னல் சாத்தி வச்சு ரெஸ்ட் எடுங்க” என்றார்.

எங்கள் சொந்தத்தில் சிலருக்கு இது இனிப்பாக இருந்தது. “நாங்க அப்பவே சொல்லல? அந்த நாத்தத்துல நின்னு கத்துனா வராம என்னா பண்ணும்?” என்று வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் புதுக் கட்டிலில் உட்கார்ந்து, அந்த அலமாரியைத் தடவிக்கொண்டே சொன்னார்கள். மீன் வாடை வந்தால் பஸ்ஸில் மூக்கைப் பொத்துகிற ஜனங்கள், கண்ணில் நீர் வரவழைக்கிற அந்த வாடையைப் பணக்கார வாசனை என்று இழுத்து மோந்தார்கள்.

டாக்டர் சொன்னபடி கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் கிடந்தேன். வெயில் காலம். சாத்திய வீட்டுக்குள் அனல் ஏறியது. மீனை விட்டு விலகினால் குணமாக வேண்டும் இல்லையா? நாளுக்கு நாள் மோசமானது. ஒரு மத்தியானம் அடுக்கிலிருந்து பருப்பு டப்பாவை எடுக்கத் திறந்தவள், திறந்த கதவைப் பிடித்தபடியே தரையில் சரிந்தேன். காலேஜிலிருந்து வந்த யாழினி என் உதடு நீலமாக இருந்ததைப் பார்த்துக் கத்தினாளாம். எனக்கு அது நினைவில் இல்லை.

மகிதான் போனில் அழுதுகொண்டே, “சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு கொண்டாந்துடுங்க மச்சான், நான் வாசல்ல நிக்கிறேன்” என்று சொன்னான். நின்றான். ஸ்ட்ரெச்சரை அவனும் சேர்ந்து தள்ளினான்.

முகத்தில் ஒரு மூடியைக் கட்டி, மருந்தைப் புகையாக்கி உள்ளே அனுப்பினார்கள். நெபுலைசர் என்று அதற்குப் பெயர். சுருங்கிப்போன மூச்சுக் குழாய்களை விரித்துவிடும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், ஆனால் காற்று வரும். அந்த முதல் காற்று வந்தபோது எனக்கு அழுகை வந்தது. அழவும் மூச்சு வேண்டும் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

பிறகு சோதனைகள். எக்ஸ்ரே எடுத்தார்கள். காசநோயோ என்று சளியைச் சின்ன டப்பாவில் துப்பச் சொன்னார்கள். டப்பாவைக் கொடுத்துவிட்டு முடிவு வரும்வரை நானும் வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தோம். யாழினிக்கும் ஒட்டியிருக்குமோ என்கிற பயம். இல்லை என்று வந்தது. ஒரு குழாயில் மூச்சை முழுக்க ஊதச் சொல்கிற சோதனையும் உண்டு. நுரையீரல் எவ்வளவு வேகமாகக் காற்றை வெளியே தள்ளுகிறது என்று அதில் தெரியும். “ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்” என்று அந்தப் பெண் ஏலம் கூவுகிற மாதிரியே கூவினாள். எனக்குத்தான் விலை ஏறவே இல்லை.

வெளியே எடுக்க வேண்டிய ஸ்கேனுக்கும் மருந்துக்கும் வீட்டுக்காரர் அலைந்தார். கடலுக்குப் போகவில்லை. வார்டுக்குள் ஆண்கள் தங்கக் கூடாது என்பதால் வெளியே வேப்ப மரத்தடியில் பாய் விரித்துக் கிடந்தார். மகியின் மனைவி சுதா கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தினமும் மிளகு ரசமும் குழைந்த சோறும் செய்து கொடுத்தனுப்பினாள். மகி கடைக்குப் போகும் வழியில் கொண்டுவந்து, கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நான் சாப்பிட்டு முடிக்கும்வரை நிற்பான். இதை நான் மறைக்க மாட்டேன். அந்த ரசம் எனக்கு உயிர் கொடுத்தது.

அடுத்த கட்டிலில் பரங்கிப்பேட்டைக்காரர் பாத்துமா அக்கா. வயதானவர், பழைய இழுப்பு நோயாளி, மகன் வெளிநாட்டில். எங்கள் வார்டு பழைய கட்டடத்தில் இருந்தது. ஆள் உயர ஜன்னல்கள், கம்பி போட்டு, எப்போதும் திறந்தே இருக்கும். பினாயில் வாடையும் வெளியே வறுகடலை வாடையும் சேர்ந்து வரும். அங்கே நான் மளமளவென்று தேறினேன். விசில் நின்றது. மூடி தேவைப்படவில்லை. வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் போய்ப் படுத்த மறுநாளே திரும்பி வந்தேன்.

அதே வார்டு. பாத்துமா அக்கா இன்னும் அங்கேதான் இருந்தார். என் மூச்சு அடங்கும்வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

“ஏ புள்ள, இங்கன வந்தா ஒனக்கு செரியாவுது. ஊட்டுக்குப் போனா இழுக்குது. ஒன்னய ஏன் சேக்குறாங்க? ஒன் ஊட்டயில்ல ஆஸ்பத்திரில சேக்கணும்!”

வார்டே சிரித்தது. அப்போது ரவுண்ட்ஸ் வந்த நெஞ்சக டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. இளம் பெண். கையிலிருந்ததைக் கட்டிலில் வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இந்தம்மா சொல்றது சரிதான். துறைமுகத்துல இருக்கும்போது ஜாஸ்தியா இருந்துச்சா, வீட்டுல ஜாஸ்தியா இருந்துச்சா?”

யோசித்தேன். “வீட்டுல டாக்டர். வேலைய நிறுத்துனப்புறம்தான் ரொம்ப முத்திச்சி.”

“வீட்டுல புதுசா என்ன இருக்கு? பெயின்ட், பூனை, கொசு மருந்து?”

“வீடே புதுசு. தம்பி சீரா அலமாரி, கட்டில், கிச்சன் எல்லாம் போட்டுக் குடுத்தான்.”

“பலகையா, மரமா?”

எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவர் விளக்கினார். இப்போது அலமாரி என்று வருவதில் பெரும்பாலும் மரம் இல்லை. மரத்தூளையும் சிம்பையும் பசையில் குழைத்து, சூடாக்கி அழுத்திப் பலகை ஆக்குகிறார்கள். மேலே வழவழப்பான தாள் ஒட்டிவிடுகிறார்கள். மலிவான பலகையில் அந்தப் பசை முழுக்க இறுகாமல், உள்ளிருந்து ஒரு வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். வெயிலும் ஈரக் காற்றும் சேர்ந்தால் இன்னும் அதிகமாக விடும். மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில். வாயுவின் பெயர் ஃபார்மால்டிஹைடு. கண், மூக்கு, தொண்டை எல்லாவற்றையும் அரிக்கும். இழுப்பு உள்ளவர்களுக்கு இழுப்பைக் கிளப்பும். பல வருடம் நிறைய சுவாசித்தால் புற்றுநோய்க்கும் காரணமாகும் என்று கண்டிருக்கிறார்கள்.

“அத தண்ணியில கரைச்சா ஃபார்மலின். பிணம் கெடாம இருக்க ஊத்துவாங்களே, அது.”

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஃபார்மலின் எனக்குத் தெரியாத சொல்லா? மீனில் ஃபார்மலின் கலக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பிய நாட்களில் எங்கள் துறைமுகம் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். வாங்க ஆள் வரவில்லை. அதிகாரிகள் வந்து கூடை கூடையாக நோண்டினார்கள். மீன் உடம்பில் ஒரு தாள் துண்டைத் தேய்த்து, மேலே ஒரு சொட்டு மருந்து விடுவார்கள். நிறம் மாறினால் கூடையோடு அழித்துவிடுவார்கள். இன்றைக்கும் வருகிறார்கள். வரட்டும், அது சரிதான். ஆனால் அதே விஷத்தை நான் சுவர் உயரத்துக்கு அடுக்கி, அதில் பட்டுப் புடவையையும் பருப்பையும் வைத்து, அதன் மேலேயே படுத்துத் தூங்கியிருக்கிறேன்.

டாக்டர் ஒன்றையும் மிகைப்படுத்தவில்லை. “அளந்து பாக்குற கருவி எங்ககிட்ட இல்ல. அதனால இதுதான்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா ஒண்ணு செய்யுங்க. டிஸ்சார்ஜ் ஆனதும் உங்க வீட்டுக்குப் போவாதீங்க. வேற வீட்டுல தங்குங்க, இந்தச் சின்னக் குழாயக் கொண்டுபோயி காலையும் சாயங்காலமும் ஊதி, முள்ளு எதுவரைக்கும் ஏறுதுன்னு பாருங்க. ஒழுங்கா மூச்சு வந்தா, அப்புறம் நமக்கே தெரிஞ்சிடும்.”

மகி அங்கேதான் ரசக் கிண்ணத்தோடு நின்றிருந்தான். முகம் சுண்டிப்போயிருந்தது. “எத்தன வீட்டுக்குப் போட்டுக் குடுத்துருக்கேன் டாக்டர், ஒருத்தரும் கம்ப்ளைன்ட் சொல்லலியே” என்றான்.

“இருமல் வந்தா டாக்டர்கிட்ட போவாங்க சார். கடைக்காரர்கிட்ட யார் வருவா?” என்றார் அவர்.

வேற வீடு என்றதும் மகி விடவில்லை. “எங்க வூடு இருக்கையில அக்கா வேற எங்க போவும்?” என்று கூட்டிக்கொண்டு போனான். சிதம்பரத்தில் ரயிலடிப் பக்கம் அவன் வீடு. எனக்கு ஒரு அறையைக் காலி பண்ணி, கொசுவலை கட்டி, தலையணை உறையைச் சுதாவே புதுசாகத் தைத்துப் போட்டிருந்தாள். முதல் நாளே நன்றாகத் தூங்கினேன். குழாயை ஊதினால் முள் ஏறியது. நான் மெதுவாக விலை கூவிப் பார்த்தேன். குரல் உடையவில்லை. என்னைப் பார்க்க வந்திருந்த யாழினி கேட்டுவிட்டுக் கை தட்டினாள்.

சில நாள் கழித்து சுதா காய் நறுக்கிக்கொண்டிருக்க, நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். சும்மா இருக்கிறபோது கண் வீட்டைச் சுற்றும் இல்லையா? கடப்பைக் கல் அடுக்கு. எவர்சில்வர் தட்டு மாட்டி. அறையில் இரும்பு பீரோ. குழந்தைக்குப் புடவைத் தூளி.

“சுதா, கடைல அவ்வளவு சாமான் இருக்கு. வீட்டுக்கு ஒண்ணு கூட போடலியா?” என்று கேட்டேன். சத்தியமாக எதையும் மனதில் வைத்துக் கேட்கவில்லை.

அவளும் எதையும் மனதில் வைக்காமல்தான் பதில் சொன்னாள். “போட்டிருந்தோம் அண்ணி. ரூமு பூரா போட்டிருந்துச்சி. பாப்பா பொறந்து வந்தவொடன அதுக்கு மூக்கு அடைச்சிக்கிட்டு, கண்ணுல தண்ணியா ஊத்திச்சி. ஒங்க தம்பிதான் ஆள விட்டு எல்லாத்தையும் கழட்டச் சொல்லிட்டாரு. ‘கொழந்த இருக்கற வூட்டுல இந்தப் பலக வேணாம்’னாரு.”

“எப்ப?”

“பாப்பா பொறந்தப்பதான் அண்ணி. ஒங்க வூட்டு விசேஷத்துக்கு முன்னாடி...” அதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது. கத்தி அப்படியே நின்றது. “அண்ணி, எனக்குத் தெரியாது. சாமி சத்தியமா நான் அத இதோட சேத்துப் பாக்கவே இல்ல.”

அவளை நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

சாயங்காலம் மகி வந்தான். வழக்கம்போல, “முள்ளு எங்க நிக்கிது அக்கா?” என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றினான்.

“பாப்பா ரூம்ல இருந்தத ஏன்டா கழட்டுன?”

அவன் சுதாவைப் பார்த்தான். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

“அது... பச்ச கொழந்தக்கா. சின்ன வாசன கூட தாங்காது.”

“அப்ப அதுல என்னா இருக்குன்னு ஒனக்குத் தெரியும்.”

“வாசன வரும்னு தெரியும். இந்த மாதிரி ஆஸ்பத்திரி வரைக்கும் வரும்னு சத்தியமா தெரியாதுக்கா. காத்தோட்டமா வச்சிருந்தா போயிடும்னு கம்பெனிக்காரன் சொல்றான்.”

“நல்ல பலகையே கெடையாதா?”

“இருக்குது. வாயு கொறச்சலா விடுற பலகன்னு தனியா முத்திர போட்டு வருது. வெல ஜாஸ்தி. யாராவது வெவரம் தெரிஞ்சி கேட்டா அதப் போட்டுக் குடுப்பேன்.”

“எனக்கு?”

அவன் சுவரைப் பார்த்துச் சொன்னான்: “சீர்ல யாருக்கா முத்திர பாக்குறாங்க?”

அடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு அருவருப்பாக இருந்திருக்காது. தெரு பார்க்க வேண்டியது உயரமும் பளபளப்பும்தான். உள்ளே எதுவாக இருந்தால் என்ன? அதைத்தான் அவன் எனக்குச் சீராகக் கொண்டுவந்தான். பிறகு அது என்னைக் கீழே தள்ளியதும், வாசலில் நின்று அழுது, ஸ்ட்ரெச்சர் தள்ளி, ரசம் கொடுத்தான். இரண்டும் ஒரே ஆள்தான். எது நிஜம் என்று நான் படுத்துப் படுத்து யோசித்தேன். இரண்டும் நிஜம். அதுதான் எனக்குப் பிடிக்கவே இல்லை.

அன்றைக்கே கிளம்பிவிட்டேன். முதுநகரில் எங்கள் தெருவிலேயே ஒரு தெரிந்த வீட்டில் தங்கினேன். என் வீட்டுக்காரர் தன் படகு ஆட்களைக் கூட்டிவந்து, முகத்தில் துணி கட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் பெயர்த்து வெளியே போட்டார். நான் காற்று வருகிற திசையில் தள்ளி நின்று பார்த்தேன். வெட்டிய ஓரங்களில் தாள் ஒட்டியிருக்கவில்லை. சுவர்ப் பக்கம் முழுக்க வெறும் தூள் பலகை, கடற்கரை ஈரத்தில் பூரித்து, விரலால் நோண்டினால் உதிர்ந்தது. முன்பக்கம் மட்டும் இன்னும் ஊதா நிறத்தில் மினுக்கியது.

யாரோ சொல்லியிருக்க வேண்டும், மறுநாளே மகியின் கடையிலிருந்து மினி லாரி வந்தது. டிரைவர் பணிவாகச் சொன்னார்: “அண்ணன் எடுத்தாரச் சொன்னாரும்மா. மங்கலம்பேட்டைல ஒரு கல்யாண வூடு. ஓரத்த மட்டும் சரி பண்ணி அங்க குடுத்துடலாம்னாரு.”

யாரோ ஒரு பெண். கல்யாணமாகி, புதுக் கட்டிலில், கதவைச் சாத்திக்கொண்டு படுக்கப் போகிறவள்.

“ஏங்க, ஐஸ் ஒடைக்கிற கட்டைய எடுங்க” என்றேன். வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய் எடுத்துவந்தார். அவரும் ஆட்களும் சேர்ந்து கதவு, தட்டு, கட்டில் ஒன்றையும் விடாமல் உடைத்தார்கள். டிரைவர் லாரியில் சாய்ந்துகொண்டு பார்த்துவிட்டு வெறும் வண்டியோடு போனார். அதை எரிக்கவும் முடியாது, புகை இன்னும் மோசம். குப்பை வண்டிக்காரர்களிடம் விஷயத்தைச் சொல்லிக் கெஞ்சித்தான் அனுப்பினோம். அது எந்த மேட்டில் கிடக்கிறதோ, அங்கே யார் சுவாசிக்கிறார்களோ, தெரியாது. என்னைச் சுத்தமானவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

அதன்பிறகு அலுவலகம் அலுவலகமாக ஏறினேன். சொந்தத் தம்பியையா காட்டிக்கொடுக்கிறாய் என்று கேட்டார்கள். அவன் பெயரை நான் எங்கேயும் எழுதவில்லை. கேட்டது ஒன்றுதான்: கடையில் விற்கிற அலமாரியை யார் சோதிக்கிறீர்கள்? ஓரிடத்தில், தொழிற்சாலைப் புகை என்றால் நாங்கள், வீட்டுக்குள் வருகிற வாயு எங்களுக்கு வராது என்றார்கள். இன்னோரிடத்தில் பில் கேட்டார்கள். சீருக்கு யார் பில் போடுவார்கள்? ஒரு அதிகாரி மட்டும் உட்கார வைத்துப் பேசினார். பலகைக்கு முத்திரை கட்டாயம் என்று ஆணை இருக்கிறது, மரச்சாமான்களுக்கும் கொண்டுவருகிறார்கள் என்றார். “ஆனா அறுத்து, தாள் ஒட்டி, அலமாரியா நின்னப்புறம் உள்ள இருக்கறது எந்தப் பலகன்னு கடை கடையா போய்ப் பாக்க ஆள் வேணும்மா. அதான் இல்ல.” நேர்மையான பதில். அதற்காக நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வெளியே வந்ததும் படியிலேயே துப்பத் தோன்றியது.

மூச்சு சரியானதும் வேலைக்குத் திரும்பினேன். இன்ஹேலர் இடுப்பில் இருக்கிறது. அது மருந்தை நேரே மூச்சுக் குழாய்க்கு அனுப்புகிற சின்னக் குழல், தினமும் இழுக்க வேண்டும். ஒருநாள் மீன் சோதிக்கிற அதிகாரி வந்து, என் கூடையில் தாளைத் தேய்த்துச் சொட்டு விட்டார். நிறம் மாறவில்லை.

“சார், இதே தாள வச்சி ஒரு அலமாரிய சோதிக்க முடியுமா?” என்றேன்.

அவர் சிரித்தார். “அது மீனுக்குத்தாம்மா. அலமாரிய யாரு தின்றா?”

அவரைக் குறை சொல்லவில்லை. அவர் வேலை அது. ஆனால் நாம் ஒரு வேளை மீன் தின்கிறோம், மூச்சை எந்நேரமும் விடுகிறோம். மீனைப் பிடிக்கிறவனிடம் தாளோடு வருகிற அரசாங்கம், பலகை விற்கிறவன் வாசலுக்கும் ஒரு நாள் வர வேண்டும். வாங்கப் போகிறவர்கள் அதுவரை முத்திரையைக் கேளுங்கள், கதவைத் திறந்து உள்ளே முகத்தை வைத்துப் பாருங்கள். கண் எரிந்தால் வந்துவிடுங்கள். சீராக வந்தாலும் திருப்பி அனுப்புங்கள். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

மகி போன வாரம் வந்தான். அவன் வீட்டிலிருந்து நான் கிளம்பி வந்த பிறகு அதுதான் முதல் தடவை. வெற்றிலை பாக்குத் தட்டும் அழைப்பிதழுமாக வந்து, என் வீட்டுக்காரரைக் கும்பிட்டு, என் காலைத் தொட்டான். மேல்பட்டாம்பாக்கத்தில் இரண்டாவது கடை திறக்கிறானாம். இளைத்திருந்தான்.

“அங்கயும் அதே பலகையாடா?” என்று கேட்டேன்.

“ரெண்டும் வச்சிருப்பேன்க்கா. கேக்குறவங்களுக்கு நல்லது குடுப்பேன்.”

“கேக்கத் தெரியாதவங்களுக்கு?”

அவன் தட்டிலிருந்த அழைப்பிதழை நேராக்கி வைத்தான்.

“கொழந்தைங்க கட்டிலு உண்டா?”

“உண்டுக்கா. பொம்ம படம் போட்டு வருது. ஜாஸ்தி போறதே அதுதான்” என்றான். பழக்கத்தில் சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தான்.

படகு வருகிற நேரமாகியிருந்தது. நீட்டிய தட்டை அவன் கையிலேயே விட்டுவிட்டு நான் துறைமுகத்துக்குக் கிளம்பினேன்.